ஃபிட்டருக்குக் குறித்த அமாவாசை

உடல் கிடைக்காத ஒரு மனிதன் எந்த நாளில் இறந்தான் என்று முடிவு செய்யும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? அவனோடு வேலை பார்த்தவர்களுக்கா, அவனைக் கட்டிக்கொண்டவளுக்கா, காவல் நிலையத்துக்கா, இல்லை பஞ்சாங்கத்துக்கா? நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள். காஜாக்காவின் குடும்பத்தில் யாரும் அவ்வளவு யோசிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீ ஆறுவதற்குள் விஷயம் முடிவாகிவிட்டது.

காஜாக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கடைத்தெருத் தையற்கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுப்பவள் அவள். பொத்தான் நுழைகிற வாயைப் பிளேடால் கீறி, விளிம்பு பிரியாமல் நூலால் நெருக்கிச் சுற்றுகிற வேலை. சட்டையை வெட்டுகிறவர் பெயர் வாசல் பலகையில் பெரிதாக இருக்கும். காஜா எடுக்கிறவளுக்கு முக்காலி ஒன்றுதான் உண்டு, அதிலும் ஒரு கால் ஆடும். அவளைவிட மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். "நாப்பது வயசுக்குள்ள தெருவுக்கே அக்காவாயிட்டேன், இனி என்னைப் பாட்டியாக்காம விட மாட்டீங்க" என்று ஊசியை வாயில் கவ்விக்கொண்டே பதில் சொல்வாள்.

அவள் புருஷன் காகித ஆலையில் ஃபிட்டர். ஆலையில் எந்தப் பம்பு இருமினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டுக் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டே இருக்கும். "ஊருக்கெல்லாம் வைத்தியம் பாக்கிற டாக்டரு, நம்ம குழாய்க்குச் சளி பிடிச்சு எத்தனை நாளாச்சு?" என்று கேட்டால் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அதிகம் பேசாத மனிதர். பேசினால் அது ஆலையின் பின்பக்கத்தைப் பற்றியதாக இருக்கும்.

பின்பக்கம் என்றால் கழிவுக் குட்டை. கூழ் காய்ச்சிய அழுக்குத் தண்ணீரெல்லாம் அங்கேதான் போய்த் தேங்கும். மேலே சாம்பல் நிறத்தில் ஏடு படிந்து காய்ந்து கிடக்கும். பார்த்தால் தரை மாதிரியே இருக்கும். அடியிலே ஆளை விழுங்குகிற சேறு. அதன் குறுக்கே ஒரு பலகைப் பாதை. பாதையின் நடுவே, பம்பு வாயில் இருக்கிற சல்லடை அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் ஃபிட்டர் ஒரு கம்பியை எடுத்துக்கொண்டு போய்க் குத்தி விடுவார். பாதைக்கு ஒரு பக்கம்தான் கைப்பிடி. இன்னொரு பக்கத்துக் கைப்பிடி துருப்பிடித்து உதிர்ந்து, பிறகு காணாமலே போனது. "சொல்லிட்டேன், போர்மேன் பாக்கறேன்னு சொல்லியிருக்காரு" என்பார். அந்தப் போர்மேன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அவர் திரும்பி வராத நாள் எது என்பதில் காஜாக்காவுக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. அன்றைக்குக் கடையில் வேலை இல்லாமல் சீக்கிரம் வீட்டுக்கு வந்துவிட்டாள். கடைக்கார மாஸ்டர் அஷ்டமி, நவமியில் புதுத் துணியில் கத்தரி வைக்க மாட்டார். கல்யாண அவசரம் என்று யாராவது கூலியைக் கூட்டிக் கேட்டால் மட்டும் நவமி சற்றுத் தள்ளி நிற்கும். அன்றைக்கு அப்படி யாரும் கேட்கவில்லை.

"தேய்பிறை நவமிம்மா இன்னிக்கு. நீ கிளம்பு. வெட்டின துணியே இல்ல, உனக்கு ஏது காஜா?"

அவள் வீட்டுக்கு வந்தபோது ஃபிட்டர் மத்தியான ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனார். அவ்வளவுதான்.

மறுநாள் காலை அவள் ஆலை வாசலில் நின்றபோது சைக்கிள் ஷெட்டிலேயே இருந்தது. தூக்கு உடை மாற்றும் அறையில், திறக்காத சோற்றோடு இருந்தது. ஷிஃப்டு முடிந்ததும் அவர் வெளியே போய்விட்டார் என்று வாசல் காவலாளி சொன்னார். "நடந்தா போனாரு? சைக்கிளை விட்டுட்டா?" என்று கேட்டாள். காவலாளி அவள் தலைக்கு மேலே எங்கேயோ பார்த்தார். "யாரோ கூட வந்தாங்க போல" என்றார். அந்த 'யாரோ' அன்று சாயங்காலத்துக்குள் ஒரு பெண்ணாக மாறியது. வாரம் முடிவதற்குள் அந்தப் பெண்ணுக்குச் சேலை நிறம், கண், மூக்கு எல்லாம் முளைத்துவிட்டன.

குட்டையை வற்ற வைத்துப் பாருங்கள் என்று அவள் கேட்டாள். வற்ற வைத்தால் ஆலையை நிறுத்த வேண்டும். ஒரு ஃபிட்டருக்காக ஆலையை நிறுத்துவார்களா? காவல் நிலையத்தில் 'காணவில்லை' என்று எழுதிக்கொண்டார்கள். அவள் விடாமல் ஆலைக்கு நடந்தாள். அப்படி ஒருநாள் போனபோதுதான் வேலிக் கம்பிக்கு அப்பால் அதைப் பார்த்தாள். பலகைப் பாதைக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. மஞ்சள் பெயிண்ட், இன்னும் வாசனை போகாத பெயிண்ட்.

உயிரோடு கேட்டவனுக்குக் கிடைக்காத கைப்பிடி அது. ஓடிப்போனவனுக்காக யாரும் கைப்பிடி போடுவதில்லை என்பது அவளுக்குப் புரிந்தது. உங்களுக்கும் புரிகிறது. அதைப் புரிந்துகொள்ள வேண்டியவர்களுக்கு மட்டும் புரியவில்லை. அவள் தொழிலாளர் அதிகாரி அலுவலகத்தில் மனுக் கொடுத்தாள். விசாரணைக்குக் கூப்பிடுவோம் என்றார்கள். கூப்பிடுவதற்குள் வருஷம் திரும்பத் தொடங்கிவிட்டது.

அப்போதுதான் மாமியாருக்குக் கனவு வரத் தொடங்கியது.

மாமியார் மூத்த மகன் வீட்டில், இரண்டு தெரு தள்ளி இருந்தார். கனவில் சின்ன மகன் வாசலுக்கு வெளியே நிற்கிறான், தாகமாக இருக்கிறது என்கிறான், உள்ளே வா என்றால் வழி தெரியவில்லை என்கிறான். காலையில் எழுந்ததும் அந்த அம்மாள் ஒரு சொம்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பார். யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் அப்படியே நிற்பார். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது சுலபம். மகன் செத்தானா இருக்கிறானா என்று தெரியாத ஒரு தாயின் மனசு அது. அந்த மனசை ஆற்ற வேண்டியது குட்டையைத் தோண்ட மறுத்தவர்களின் கடன். அவர்கள் வரவில்லை. புரோகிதர் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூத்த மகன் வீட்டில் நாலு பேர். மாமியார், மூத்த மகன், அவர் மனைவி, புரோகிதர். காஜாக்காவையும் மகளையும் கடைசியில்தான் கூப்பிட்டார்கள். மூத்தவர் அதே ஆலையில் எடைமேடையில் வேலை பார்ப்பவர். லாரிகளை ஏற்றி எடை சொல்கிற வேலை. நல்லவர். யார் மனசும் கோணக் கூடாது என்று நினைத்து நினைத்தே முதுகு கோணிப்போனவர்.

"திதி இல்லாதவங்களுக்கு எந்த நாள் வரணும்னு தெரியாதும்மா" என்றார் புரோகிதர். "வருஷத்துல அவங்களுக்குன்னு ஒரு நாள் குறிச்சுட்டா, அன்னிக்கு எள்ளும் தண்ணியும் விட்டா, வந்து வாங்கிக்குவாங்க."

திதி என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. வானத்தில் சூரியனை விட்டுச் சந்திரன் பன்னிரண்டு பாகை விலகினால் ஒரு திதி. இன்னும் பன்னிரண்டு பாகை விலகினால் அடுத்தது. வளர்பிறையில் பதினைந்து, தேய்பிறையில் பதினைந்து. அது நம் கடிகாரத்துக்குக் கட்டுப்படாது. மத்தியானம் பிறக்கும், மறுநாள் மத்தியானத்துக்கு முன்பே தீர்ந்தாலும் தீரும், இழுத்துக்கொண்டு போனாலும் போகும். கருவி எதுவும் இல்லாத காலத்தில் வெறுங்கண்ணால் வானத்தைப் பார்த்து இந்தக் கணக்கைப் போட்டவர்கள் கெட்டிக்காரர்கள். இறந்தவரைத் தேதியால் நினைக்காமல், அன்று நிலா இருந்த இருப்பால் நினைப்பது ஓர் அழகான பழக்கம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்தக் கணக்குக்கு ஒன்று தேவை. அவர் எப்போது இறந்தார் என்ற உண்மை தேவை. உண்மை இல்லாத இடத்திலும் ஒரு விதி இருந்தது. புரோகிதர் அதைச் சொன்னார்.

"இறந்த நாள் தெரியலேன்னா அந்த மாசத்து அமாவாசையை வச்சுக்கலாம். சாஸ்திரத்துலயே இடம் இருக்கு."

"நாள் தெரியலேன்னு யாரு சொன்னது?" என்றாள் காஜாக்கா. "நவமி. தேய்பிறை நவமி. எங்க மாஸ்டர் கத்தரி எடுக்க மாட்டேன்னு என்னை வீட்டுக்கு அனுப்பின நாள். அந்த நாள்ல அந்த ஆலைக்குள்ள போனவரு வெளிய வரல. முதல்ல அவரைத் தேடட்டும். கிடைச்சப்புறம் நாள் குறிங்க. இல்ல, குறிச்சுதான் ஆகணும்னா நவமின்னு குறிங்க."

மூத்தவர் டீயைக் கீழே வைத்தார். "அதுக்கு இல்லம்மா... நவமின்னு வச்சா, ஆலைக்குள்ள செத்தாருன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிடும். விசாரணை வேற நடக்கப் போகுது. எதுக்கு வம்பு? அமாவாசைன்னா பொது. யாரையும் குத்தம் சொன்ன மாதிரி இருக்காது."

"மாமா, குத்தம் சொல்லணும்னுதானே நான் மனுக் குடுத்திருக்கேன்?"

ஓரகத்திக்கு வேறு கவலை. "நவமி எந்த மாசம் எந்தக் கிழமைல வரும்னு யாரு பாத்துக்கிட்டு இருக்கிறது? அமாவாசைன்னா காலண்டர்ல கறுப்பா பொட்டு வச்சிருப்பான். மறக்காது."

"உங்க ஞாபகத்துக்கு வசதியா அவரு சாகணுமாக்கா?"

"ஏண்டி, என் வாயைப் புடுங்குற? நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

மாமியார் மருமகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "எந்த நாளா இருந்தா என்னம்மா, புள்ளைக்குத் தாகம் தீரட்டும்" என்றார். கையை இழுத்துக்கொள்ள காஜாக்காவால் முடியவில்லை.

அப்போதும் அவள் சம்மதிக்கவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு மகள்தான் பேசினாள். கல்லூரியில் படிக்கிற பெண். அப்பாவைப் போலப் பேச்சு குறைவு.

"நடத்திடட்டும்மா."

"நீயுமாடி?"

"காலேஜ்ல என்னை என்ன சொல்லிக் காட்டுறாங்க தெரியுமா? ஓடிப்போனவன் பொண்ணு. போன வாரம் ஒருத்தி கேட்டா, உனக்குத் தம்பி தங்கச்சி எதுவும் பொறந்திருக்கான்னு." அவள் புத்தகத்தை மூடினாள். "ஓடிப்போனாருங்கறதுக்குச் செத்துப்போனாருங்கறது எவ்வளவோ மேலும்மா. சாவுன்னு ஒண்ணு நடந்தா வாயை மூடுவாங்க. நவமியோ அமாவாசையோ, எனக்கு அப்பா கெட்டவர் இல்லேன்னு ஊரு ஒத்துக்கணும்."

காஜாக்கா காலையில் மூத்தவர் வீட்டுக்குப் போய், "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் கடைக்குப் போனாள்.

நடந்தது. குறித்த அமாவாசையன்று மூத்தவரே தம்பிக்கு எள்ளும் தண்ணீரும் விட்டார். மகள் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். காஜாக்கா வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள், சாப்பாடு போட்டாள். ஓடிப்போனவன் என்று சொன்ன அதே வாய்கள், தங்கமான மனுஷன் என்று சொல்லிச் சாப்பிட்டன. மகள் ஆசைப்பட்டது நடந்துவிட்டது என்று தோன்றியது. அது ஒன்றுதான் அன்றைக்குக் காஜாக்காவுக்கு ஆறுதல்.

பாதியில் ஆலை மனேஜர் வந்தார். தனியாக, வெள்ளைச் சட்டையில் வந்தார். செருப்பை வாசலிலேயே விட்டார். மூத்தவர் பதறிப்போய் நாற்காலி எடுக்க ஓடினார். மனேஜர் வேண்டாம் என்று தடுத்துத் தரையிலேயே உட்கார்ந்தார். ஃபிட்டரின் படத்துக்கு முன்னால் கைகூப்பினார். எல்லோருக்கும் மனசு உருகிவிட்டது. பிறகு புரோகிதரிடம் மெதுவாக, பயபக்தியாகக் கேட்டார்:

"எந்தத் திதிங்க இவருக்கு?"

"அமாவாசை."

மனேஜர் தலையை ஆட்டிக்கொண்டார். மூத்தவரிடம் திரும்பி, "அமாவாசையா?" என்று இன்னொரு தடவை கேட்டார். "ஆமாங்க" என்றார் மூத்தவர். மனேஜர் சாப்பிட்டார். காஜாக்கா தன் கையால் ஊற்றிய தண்ணீரைக் குடித்தார். போகும்போது, "எதுன்னாலும் ஆலைக்கு வாங்கம்மா" என்றார்.

"பாத்தியா, எவ்வளவு பெரிய மனுஷன், கீழ உக்காந்து சாப்பிட்டாரு" என்று ஓரகத்தி நாலு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் விசாரணைக்கு அழைப்பு வந்தது. தொழிலாளர் அதிகாரியின் அறை சின்னது. மேசைக் கண்ணாடிக்கு அடியில் யார் யாருடைய முகவரி அட்டைகளோ பழுத்துக் கிடந்தன. மின்விசிறி சுற்றும்போது ஒரு பக்கம் இழுத்தது. இந்த நேரத்திலும், ஃபிட்டர் இருந்திருந்தால் அதை நிமிர்ந்து பார்த்திருப்பார் என்ற நினைப்பு அவளுக்கு வந்தது. அதிகாரி கெட்டவர் இல்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். சைக்கிள், தூக்கு, மஞ்சள் பெயிண்ட் அடித்த கைப்பிடி. கைப்பிடி என்றபோது பேனாவை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார். இத்தனை காலத்தில் அந்தக் கைப்பிடியை ஒருவர் எழுதிக்கொண்டது அன்றுதான்.

பிறகு ஆலை தரப்பில் வந்திருந்த மனேஜர் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

"அம்மா, ஃபிட்டருக்கு வீட்ல திதி குடுத்தீங்க இல்லையா?"

"குடுத்தாங்க."

"நீங்களும் இருந்தீங்க. எனக்குத் தண்ணி ஊத்தினீங்க."

"இருந்தேன்."

"எந்தத் திதி?"

கேள்வி எங்கே போகிறது என்று அவளுக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. தெரிந்தும் வேறு வழி இல்லை.

"அமாவாசைங்க."

"அவர் கடைசியா ஷிஃப்டுக்கு வந்த அன்னைக்கு என்ன திதி?"

"நவமி." பிறகு அவசரமாகச் சொன்னாள்: "நாள் தெரியாதவங்களுக்கு அமாவாசைன்னு வைப்பாங்களாம். அதனால வச்சாங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

"நாள் தெரியாதவங்களுக்கு" என்று மனேஜர் அவள் சொன்னதையே மெதுவாகத் திரும்பச் சொன்னார். அதிகாரியின் பக்கம் திரும்பினார். "சார், இந்த அம்மாவோட வேதனை எனக்குப் புரியுது. நானே போய் உக்காந்து சாப்பிட்டு வந்தவன். ஆனா குடும்பமே சொல்லுது. ஒண்ணு, ஃபிட்டர் எங்க ஷிஃப்டு முடிஞ்சு ஆறு நாள் கழிச்சு அமாவாசைல இறந்தாரு. இல்லேன்னா, எந்த நாள்ல இறந்தாருன்னே தெரியாது. ரெண்டுல எது உண்மையா இருந்தாலும், நாங்க எதுக்கு சார் ஆலையை நிறுத்திக் குட்டையை வத்த வைக்கணும்?"

எவ்வளவு நேர்த்தியான வெட்டு பாருங்கள்! ஆலை ஒரு பொய்யும் சொல்லத் தேவைப்படவில்லை. வக்கீலுக்குக் கூலி கொடுக்கத் தேவைப்படவில்லை. யார் மனசும் நோகக் கூடாது என்று ஒரு வீட்டில் சொன்ன சொல்லை, தரையில் உட்கார்ந்து, கைகூப்பி, பொறுக்கிக்கொண்டு போனால் போதுமாக இருந்தது. சந்திரன் சூரியனை விட்டு எத்தனை பாகை விலகியிருந்தது என்பது, ஒரு பலகைப் பாதைக்குக் கைப்பிடி இல்லாமல் போன குற்றத்தை மூடிவிட்டது.

பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூத்தவர் எழுந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, கேட்காத இடத்தில் எழுந்தார் என்று நினைக்கிறேன்.

"சார், அது... அமாவாசைன்னு நாந்தான் சொன்னேன். பொதுவா இருக்கட்டுமேன்னு. நாள் எங்களுக்குத் தெரியும் சார். அவன் அன்னைக்கே..."

மனேஜர் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை.

"நீங்க எடைமேடைல இருக்கீங்க இல்ல?"

"ஆமாங்க."

"உக்காருங்க."

உட்கார்ந்துவிட்டார். காஜாக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் அழுவார் என்று அவளுக்குத் தெரியும்.

அதிகாரி வெகுநேரம் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். "வருத்தமாத்தாம்மா இருக்கு" என்றார். "நானும் எங்கப்பாவுக்கு அமாவாசைக்கு அமாவாசை தண்ணி விடறவன்தான். திதிங்கறது சும்மா சொல்ற விஷயம் இல்லையே. குடும்பத்துல எல்லாரும் சேர்ந்து ஒத்துக்கிட்ட நாளை நான் எப்படி இல்லேன்னு எழுதறது?"

"அப்ப அந்தக் கைப்பிடி?"

"அது பராமரிப்பு வேலைன்னு சொல்றாங்க." தான் எழுதியதைத் தன் கையாலேயே ஒரு கோடு போட்டு அடித்தார். பிறகு, அவள் முகத்தைப் பார்த்தோ என்னவோ, ஒன்று சேர்த்துச் சொன்னார். "அன்னைக்கு ஷிஃப்டுல இருந்தவங்க யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், அவர் அந்தப் பலகைக்குப் போனதைப் பாத்தேன், திரும்பினதைப் பாக்கலேன்னு வந்து சொன்னா, மறுபடி எடுத்துக்கலாம்."

அங்கிருந்து நேராகப் புரோகிதரிடம் போனாள். திதியை நவமிக்கு மாற்றித் தர வேண்டும் என்றாள்.

"குடுத்த திதியை மாத்தறது முறை இல்லம்மா. அவர் ஏத்துக்கிட்டாரே."

"யாரு?"

"உங்க வீட்டுக்காரரு."

"உங்ககிட்ட வந்து சொன்னாரா?"

புரோகிதர் பஞ்சாங்கத்தை மூடி வைத்தார். அவள் மாமியாரைப் பார்க்கப் போனாள். அந்த அம்மாள் பல மாதங்களுக்குப் பிறகு பகலில் படுத்து நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். "இப்பெல்லாம் கனவுல வர்றதே இல்ல. நிம்மதியாயிட்டான்" என்று ஓரகத்தி கிசுகிசுத்தாள். எழுப்பி என்ன சொல்வது? அந்த நாள் தப்பு, உங்கள் பிள்ளை இன்னும் சேற்றுக்குள்தான் கிடக்கிறான் என்றா? காஜாக்கா எழுப்பாமலே திரும்பி வந்தாள்.

மிச்சம் இருந்தது அதிகாரி கேட்ட அந்த ஒரே ஒருத்தர். அன்றைய ஷிஃப்டில் பின்பக்கம் வேலை பார்த்தவர்கள் யார் யார் என்று அவளுக்குத் தெரியும். கடையில் வேலை முடிந்ததும் வீடு வீடாகப் போனாள். ஒரு வீட்டில் கதவைத் திறந்த மனைவி, "அவரு தூங்குறாருக்கா" என்றாள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. இன்னொரு வீட்டில் நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள், ஃபிட்டர் பேரைச் சொன்னதும் வேறு பேச்சுக்குப் போனார்கள். பம்பு ஓட்டுகிறவர் மட்டும் தெருமுனை வரை அவளோடு நடந்து வந்தார். ஃபிட்டரோடு சேர்ந்து சோறு தின்றவர் அவர்.

"நீங்க பாத்தீங்கதானே அண்ணே?"

அவர் சட்டைப் பையில் எதையோ தேடினார். அங்கே எதுவும் இல்லை.

"அவர் கம்பி எடுத்துட்டுப் போனதைப் பாத்தீங்கதானே?"

"பாத்தேனோ இல்லையோ... இப்ப அதைச் சொல்லி என்னக்கா? நீங்களே அமாவாசைன்னு சொல்லிட்டீங்க. நான் போய் நவமின்னு சொன்னா, உங்க குடும்பத்தைப் பொய்யாக்கின பாவம் எனக்கு வராதா?"

"அமாவாசைன்னு நான் சொல்லல அண்ணே."

"நீங்கதானேக்கா அன்னைக்குச் சாப்பாடு போட்டீங்க. நானும்தான் வந்து சாப்பிட்டேன்." அவர் தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "எனக்கு மூணு பொண்ணுக்கா."

அவருக்கும் அந்த அமாவாசை வசதியாக இருந்தது. கோழைத்தனத்துக்கு வெறும் கோழைத்தனம் என்று பெயர் வைத்தால் மனுஷனால் தூங்க முடியாது. பாவம், புண்ணியம் என்று ஒரு பெயர் கிடைத்தால் தூங்கலாம். அவர் திரும்பி நடந்தார். காஜாக்கா தெருமுனையிலேயே நின்றாள். கத்த வேண்டும் போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது? மாமியாரையா, மகளையா, எடைமேடைக்காரரையா, இந்த மனுஷனையா? எல்லோரும் அவளுக்கு நல்லது நினைத்தவர்கள்தான். ஒவ்வொருவராக நல்லது நினைத்துத்தான் அவளுடைய புருஷனை அந்தக் குட்டையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள்.

மறுநாள் அவள் கடைக்குப் போனாள். முக்காலியில் உட்கார்ந்தாள். "என்னம்மா ஆச்சு?" என்று மாஸ்டர் கேட்டதற்கு, "ஒண்ணும் ஆகல மாஸ்டர், துணியைக் குடுங்க" என்றாள். மகள் இன்னொரு மனுவை எழுதிக் கொடுத்தாள். இப்போது அவளும் அம்மாவோடு வருகிறாள். தொழிலாளர் அலுவலக வராந்தாவில் இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். சாட்சி யாரும் வரவில்லை என்று ஒவ்வொரு தடவையும் உள்ளேயிருந்து சொல்லி அனுப்புகிறார்கள். ஆலை ஓடுகிறது. குட்டையின் மேல் ஏடு மறுபடி காய்ந்து, தரை மாதிரி கிடக்கிறது.

இதைப் படிக்கிற உங்களில் யாரோ ஒருவர், ஏதோ ஓர் ஆலையில், ஏதோ ஒரு ஷிஃப்டில், ஒருவர் உள்ளே போனதைப் பார்த்திருப்பீர்கள். திரும்பி வராததையும் பார்த்திருப்பீர்கள். அதைச் சொல்லாமல் இருப்பதற்கு உங்களிடம் ஒரு நல்ல காரணம் இருக்கும், குழந்தைகள் இருப்பார்கள், வேலை இருக்கும். தெரியும். ஆனாலும் கேட்கிறேன். நாளைக் காலை வேலைக்குப் போவதற்கு முன்னால் அவர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கதவைத் திறக்கிறவளிடம், "நான் பார்த்தேன், எங்கே வந்து சொல்லணும்னு சொல்லுங்க" என்று கேளுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால், உங்களோடு அன்று வேலை பார்த்த இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.